சதுரங்கப் பலகை நெல்மணிக் கணக்கில் வரும் 18,446,744,073,709,551,615 முதன்மை எண்ணா? கையால் காரணி பிரிக்கலாமா? அவ்வளவு நெல்லைக் கொட்டினால் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்கள் கொள்ளுமா?

முதன்மை எண் இல்லை. கடைசி இலக்கம் 5, அதிலேயே கதை முடிந்தது. இலக்கங்களைக் கூட்டினால் 87. ஆகவே 3 ஆல் வகுபடும், 9 ஆல் வகுபடாது.

ஆனால் நீள்வகுத்தலில் இறங்காதீர்கள். முதற் கட்டத்தில் 1, அடுத்ததில் 2, பிறகு 4 என்று 64 கட்டமும் இரட்டித்த கூட்டுத்தொகைதான் இது, அதாவது 2⁶⁴ − 1. சாதாரண தரத்தில் படித்த இரு வர்க்கங்களின் வித்தியாசம் போதும். (2³² − 1)(2³² + 1) என்று உடைத்து, இடப்பக்கத்தையே திரும்பத் திரும்ப உடைத்தால்:

3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297

பலரும் இதோடு நிறுத்திவிடுவார்கள். முதல் ஐந்தும் முதன்மை எண்கள், ஆறாவதும் அப்படித்தான் என்று கணிதமேதை பெர்மாவே நம்பியிருந்தார். 1732 இல் இன்னொரு கணிதமேதை ஒயிலர் அதை 641 ஆல் வகுத்துக் காட்டினார். ஏன் 641 என்பதை இரண்டு வரியில் பார்க்கலாம். 641 = 5 × 2⁷ + 1; ஆகவே 5 × 2⁷ ஐ 641 ஆல் வகுத்தால் மீதி −1 (641 க்கு ஒன்று குறைவு), நான்காம் வலுவுக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸ இன் மீதி 1. மறுபக்கம் 641 = 5⁴ + 2⁴; ஆகவே 5⁴ இருக்கும் இடத்தில் −2⁴ ஐப் போடலாம். −2³² இன் மீதி 1 என்று வரும், அதாவது 2³² + 1 மீதியின்றி வகுபடும்.

ஈவு 6700417. இது முதன்மை எண்ணா என்று பார்க்க 2588 வரை தேடவேண்டும், வர்க்கமூலம் அவ்வளவு. நல்ல காலம், 2³² + 1 இன் முதன்மைக் காரணி எதுவானாலும் 128 இன் மடங்கிலும் 1 கூடியதாகத்தான் இருக்கும். அந்த வடிவில் 257, 641, 769, 1153, 1409 மட்டுமே தேறும். 257 மேலே தனிக் காரணியாக நிற்கிறது. அந்த ஆறில் எந்த இரண்டுக்கும் பொதுக் காரணி கிடையாது, ஆகவே 257 ஐ விட்டுவிடலாம். மற்ற நான்கால் வகுத்தால் மீதி முறையே 44, 120, 334, 622. ஆகவே 6700417 முதன்மை எண்.

ஏழு வெவ்வேறு முதன்மைக் காரணிகள், ஒவ்வொன்றும் ஒரு தடவை. எனவே மொத்தக் காரணிகள் 2⁷ = 128.

விடையை எக்செலில் சரிபார்க்க வேண்டாம். அது 15 இலக்கம்தான் வைத்திருக்கும். 18446744073709600000 என்று காட்டும், கழித்த 1 எங்கே போனதென்றே தெரியாது. பைதன் என்ற கணினி நிரல்மொழியில் முழு எண்ணும் அப்படியே வரும்.

நெல்லுக்கு வருவோம். ஆயிரம் மணி 25 கிராம் என்று வையுங்கள் (சம்பா என்றால் குறையும்). ஏறக்குறைய 460 பில்லியன் தொன். ஒரு கனமீற்றரில் 575 கிலோ அளவில் கொள்ளும், இரண்டு மாவட்டமும் சேர்ந்து சுமார் 7,000 சதுர கிலோமீற்றர். வாவி, வயல், காடு எல்லாம் நூறு மீற்றருக்கு மேல் நெல்லுக்குள் புதைந்துவிடும்.