இருட்டில் மட்டும் வழி தவறுகிறதா?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. மூன்று மாதம் முன்பு சிறுமூளையில் பக்கவாதம் வந்தது. இப்போது எதையும் பிடிக்காமல் நடக்கிறார். போன மாதம் குடிவந்த வீட்டில், இரவில் பாத்ரூம் போனால் திரும்பி வரத் தெரியாமல் நிற்கிறார். பகலில் சிக்கல் இல்லை. மறதி நோயா?

பதில்: இருட்டு, புது வீடு. இந்த இரண்டும் சேர்ந்து வருவதால் முதலில் சிறுமூளையைத்தான் சந்தேகிக்க வேண்டும். அடுத்த முறை நரம்பியல் மருத்துவரிடம் போகும்போது நினைவாற்றல் சோதனையும் செய்யச் சொல்லுங்கள்.

இடத்தின் வரைபடம் மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதியில் உருவாகிறது. எவ்வளவு தூரம் வந்தோம், எந்தப் பக்கம் திரும்பினோம் என்ற கணக்கை, உட்காதும் தசைகளும் தரும் தகவலிலிருந்து ஒழுங்குபடுத்தித் தருவதில் சிறுமூளைக்குப் பெரும் பங்கு உண்டு. வெளிச்சத்தில் கதவையும் பீரோவையும் பார்த்துக் கண் அந்தக் கணக்கைத் திருத்திவிடும். இருட்டில் திருத்த ஆள் இல்லை. 2011-ல் வெளியான ஓர் ஆய்வில், சிறுமூளையின் முக்கிய நரம்பு செல்களான பர்கின்ஜி செல்கள் கற்கும் திறனைக் குறைத்த சுண்டெலிகளுக்கு, வெளிச்சத்தில் ஹிப்போகாம்பஸின் இட செல்கள் (எங்கே இருக்கிறோம் என்று குறிக்கும் செல்கள்) சரியாக இயங்கின, இருட்டில் குழம்பின. பாதிப்புக்கு முன்பே பழகிய இடம் பெரும்பாலும் தப்பிவிடும், புது இடத்தைப் பழகுவதுதான் கடினம்.

கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை முழங்கால் உயரத்தில் சிறிய இரவு விளக்குகள் வையுங்கள். ஒன்றில் நின்றால் அடுத்தது தெரிய வேண்டும். பலரும் போகும் வழிக்கு மட்டும் அடையாளம் வைப்பார்கள். உங்கள் அப்பா தவறுவது திரும்பும்போது. பாத்ரூமிலிருந்து வெளியே வந்ததும் கண்ணில் படும்படி, படுக்கையறைக் கதவு நிலையில் பளிச்சென்ற பட்டை ஒட்டுங்கள். சாமான்களை இடம் மாற்றாதீர்கள்.

பகலில் அதே வழியில் காலை ஐந்து தடவை, மாலை ஐந்து தடவை நடக்கவிடுங்கள். கையைப் பிடித்து இழுத்துப் போனால் வழி மனதில் பதியாது. அவரே திரும்ப வேண்டும். விழுந்தால் தாங்க, தள்ளாடும் பக்கம் ஓரடி பின்னால் நில்லுங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் "கட்டில் எந்தப் பக்கம்?" என்று கேட்டுக் கைகாட்டச் சொல்லுங்கள். தவறினால் உடனே திருத்துங்கள். தவறாமல் காட்டத் தொடங்கிய பிறகு வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைக்கலாம். முழு இருட்டில் பயிற்சி வேண்டவே வேண்டாம்.

தலைசுற்றல் மாத்திரை இன்னும் தொடர்கிறதா? சில வகை மாத்திரைகளை நெடுநாள் சாப்பிட்டால், சமநிலையை மூளை மறுபடி பழகுவது தாமதமாகும். நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் கேளுங்கள்.

திடீரென்று கடும் தலைவலி, தொடர் வாந்தி, இரட்டைப் பார்வை, நாக்குழறல் வந்தால் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.