ஏற்காட்டு ஓடைநீரில் அயோடைடு அளவீடு நிலைக்கவில்லை: பதில்

நீரிலுள்ள அயோடைடை (அயோடினின் அயனி வடிவம்) மின்முனையால் அளக்கும்போது ஏற்காட்டு ஓடைநீரில் கால் மணி நேரமாகியும் மில்லிவோல்ட் அளவு நிலைக்கவில்லை, சேலத்து ஆழ்துளைக் கிணற்று நீரில் மின்முனையின் நுனி கறுத்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். இரண்டும் வேறு வேறு கோளாறுகள்.

ஓடைநீருக்காகக் கருவியைப் பழிக்காதீர்கள். மலை ஊற்று நீரில் அயோடைடு பெரும்பாலும் லிட்டருக்குச் சில மைக்ரோகிராம்தான். வெள்ளி அயோடைடு மின்முனை உணரக்கூடிய கீழ் எல்லையே லிட்டருக்கு ஏறத்தாழ 6 மைக்ரோகிராம். அதை நெருங்கும் முன்பே, செறிவின் மடக்கைக்கு எதிராக மில்லிவோல்ட்டைக் குறிக்கும் வரைபடத்தின் நேர்கோடு வளைந்துவிடும். சந்தேகமிருந்தால் லிட்டருக்கு 1, 10 மில்லிகிராம் அயோடைடு உள்ள திட்டக் கரைசல்களை (செறிவு தெரிந்த கரைசல்கள்) அளந்து பாருங்கள். 25 டிகிரியில் இரண்டுக்கும் இடையே 54 முதல் 60 மில்லிவோல்ட் இறங்கினால் மின்முனை நலமாக இருக்கிறது. திட்டக் கரைசல், மாதிரி எல்லாவற்றிலும் 100 மில்லிக்கு 2 மில்லி வீதம் 5 மோலார் சோடியம் நைட்ரேட் (எல்லாவற்றிலும் அயனி வலிமையைச் சமமாக்க) சேர்த்தீர்களா? மலையிலிருந்து வந்த குளிர்ந்த நீரை அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள். காந்தக் கலக்கியும் மெல்லச் சூடேற்றும். பீக்கருக்கு அடியில் தெர்மோகோல் துண்டு ஒன்றை வையுங்கள். நான் இதைக் கற்க ஒரு வாரம் வீணானது.

கறுப்புக்குக் காரணம் பெரும்பாலும் சல்பைடு. கிணற்று நீரை முகர்ந்து பாருங்கள், அழுகிய முட்டை வாடை வரும். மெருகுத் தாளால் நுனியை மெல்லத் தேய்த்துக் கழுவுங்கள். சல்பைடை நீக்காமல் மறுபடி அதில் முக்காதீர்கள்.

சோதித்துப் பார்க்கச் சமையல் உப்பைக் கரைத்துவிடாதீர்கள். நம் நாட்டு அயோடின் உப்பில் இருப்பது அயோடைடு அல்ல, அயோடினின் வேறொரு வடிவமான அயோடேட். இந்த மின்முனை அதைக் காணாது.

ஓடைநீருக்கு சாண்டெல்–கோல்தாஃப் வினையே பொருத்தம்: சீரியம், ஆர்செனிக் இரண்டுக்கும் இடையிலான வினையை அயோடைடு எவ்வளவு விரைவாக்குகிறது என்பதை வைத்து அதை அளக்கும் முறை. அதில் ஆர்செனிக் கையாள வேண்டியிருக்கும், கையுறை அவசியம்.