மூன்று ஆண்டு என்பது யாருடைய கணக்கு?

கேள்வி: நான் பெயிண்ட், ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். என் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்து, இப்போது பிளஸ் டூவில் உயிரியல்–கணிதப் பிரிவில் இருக்கிறாள். காலாண்டுத் தேர்வில் உயிரியலில் 96, கணக்கில் 71. நீட் எழுதப் போவதில்லை என்று சொல்லிவிட்டாள். பயோடெக்னாலஜியில் ஆசை இருப்பதாகத் தெரிகிறது. பி.எஸ்சி. நல்லதா, பி.டெக். நல்லதா? மெட்ரிக் பள்ளியில் ஒன்பதாவது படிக்கும் மகன் கல்லூரிக்குப் போவதற்குள் இவள் முடித்துவிட்டால் சௌகரியம் என்பதால் மூன்று வருடப் படிப்பாகவே பார்க்கிறோம். அவனை இன்ஜினியரிங் சேர்க்க ஆறு லட்சம் எடுத்து வைத்திருக்கிறோம். அருகிலுள்ள தனியார் கல்லூரியில் பி.எஸ்சி. பயோடெக்குக்கு இப்போதே முன்பணம் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா? படித்தால் வேலை கிடைக்குமா? மகளைக் கேட்டால், ‘உங்க இஷ்டம்ப்பா’ என்கிறாள்.
— ஒரு தந்தை, விருதுநகர் மாவட்டம்

பதில்:

ஐயா,

உங்கள் கடிதத்தில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே போகிற போக்கில் எழுதிய ஒரு வரியும் இருக்கிறது. மகன் கல்லூரிக்குப் போவதற்குள் மகள் முடித்துவிட வேண்டும், ஆகவே மூன்று வருடப் படிப்பு என்கிறீர்கள். ஒன்பதாம் வகுப்புப் பையன் பத்து, பதினொன்று, பன்னிரண்டு முடிக்க மூன்று ஆண்டுகள் பிடிக்கும். மகளுக்கும் சரியாக அந்த மூன்று ஆண்டுகளைத்தான் ஒதுக்கியிருக்கிறீர்கள். உயிரியலில் அவள் வாங்கிய 96 மதிப்பெண்ணுக்கோ, வேலைவாய்ப்புக்கோ இந்த முடிவில் எந்தப் பங்கும் இல்லை; தம்பியின் பள்ளிப் பருவம் எப்போது முடிகிறது என்பதே அக்காளின் பட்டத்தைத் தீர்மானித்திருக்கிறது. அதன் பிறகு பி.எஸ்சி.யா, பி.டெக்.கா என்று என்னிடம் கேட்பது, தாலி கட்டி முடித்துவிட்டு ஜாதகப் பொருத்தம் பார்க்கச் சொல்வதைப் போல இருக்கிறது. (படிப்பு முடிந்ததும் திருமணம் என்று நீங்கள் எழுதவில்லை. இத்தகைய கடிதங்களில் வழக்கமாக வரும் அந்த வரி இதில் இல்லாததற்கு நன்றி.)

கல்லூரியில் முப்பத்தோரு ஆண்டுகள் விலங்கியல் கற்பித்தவள் நான். மூன்று ஆண்டில் முடித்துக்கொண்டு பிழைத்துக்கொள்ளக்கூடிய படிப்புகள் உண்டு; வணிகவியல் முடித்த பிள்ளை ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் சேர்ந்து கணக்கு எழுதிக்கொண்டே மேலே படிக்கலாம். உயிரியல் அப்படிப்பட்ட படிப்பன்று. செல்லும் திசுவும் முதலாண்டில், நுண்ணுயிரியலும் உயிர்வேதியியலும் இரண்டாமாண்டில் என்று போய், மரபணுப் பொறியியலைத் தொடும்போது மூன்றாமாண்டு வந்துவிடுகிறது. கைப்பழக்கம் வருவதற்குள் பிரிவு உபசார விழா வந்துவிடுகிறது. ஒரு சோதனையைத் தானே திட்டமிட்டு, அது தோற்று, ஏன் தோற்றது என்று கண்டுபிடித்து, மறுபடி செய்து பார்க்கும் வாய்ப்பு எம்.எஸ்சி.யின் ஆய்வுத் திட்டத்தில்தான் பெரும்பாலோருக்குக் கிடைக்கிறது. அதற்கு முன் நின்றுவிட்ட என் மாணவிகளில் பலர் மெடிக்கல் கோடிங் நிறுவனங்களில் இருக்கிறார்கள். நேர்மையான வேலை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் நோய்களுக்கும் சிகிச்சைகளுக்கும் குறியீடு போடுவதற்கு மரபணுவை வெட்டி ஒட்டக் கற்றிருக்க வேண்டியதில்லை. ஆகவே வேலை கிடைக்குமா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில்: ஐந்தாண்டு என்று திட்டமிட்டால் படிப்புக்கேற்ற வேலை கிடைக்கும் வாய்ப்பு உண்டு, மூன்றாண்டில் நிறுத்தினால் ஏதோ ஒரு வேலை கிடைக்கும், அந்த வேலைக்கு இந்தப் படிப்பு தேவைப்பட்டிருக்காது.

இனி நீங்கள் கவனிக்காத ஒன்றைச் சொல்கிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்று எழுதியிருக்கிறீர்கள். மகனை மெட்ரிக் பள்ளியில் சேர்த்துவிட்டு மகளை அரசுப் பள்ளிக்கு அனுப்பியது எதனால் என்று நான் கேட்கப் போவதில்லை. நமக்கு அது தெரியாததன்று. ஆனால் அந்தச் சிக்கனம் இன்று அவளுக்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு இடங்கள் தனியாக ஒதுக்கப்படுகின்றன. 2020இல் மருத்துவத்தில் தொடங்கி, 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் அது வந்தது. அந்த ஒதுக்கீட்டில் பொறியியல் சேருகிறவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. போதாததற்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவளுடைய வங்கிக் கணக்கில் விழும். நான்காண்டு பி.டெக். உங்களால் தாங்க முடியாத செலவு என்று நினைத்து மூன்றாண்டுப் படிப்பைத் தேடுகிறீர்கள். இடம் கிடைத்தால் உங்கள் இரண்டு பிள்ளைகளில் செலவில்லாமல் பட்டம் வாங்கப் போகிறவள் அவள்தான். மெட்ரிக் பள்ளியில் படிக்கும் மகனுக்கு இந்தச் சலுகை எதுவும் கிடையாது.

அதற்காக உடனே பி.டெக். என்று ஓடிவிடாதீர்கள். பொறியியல் கலந்தாய்வின் கட்-ஆஃப் மதிப்பெண் மொத்தம் 200. அதில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50. உயிரியலுக்கு ஒன்றுமில்லை. அவள் பெருமையாக வைத்திருக்கும் அந்த 96, உயிரித் தொழில்நுட்பம் என்ற பெயருள்ள பி.டெக். படிப்பில் சேர ஒரு மதிப்பெண்ணும் ஈட்டித் தராது. கணக்கில் வாங்கிய 71தான் பாதித் தராசில் நிற்கும். உள்ளே போன பிறகும் அதே கதைதான்: செல்களை வளர்க்கும் நொதிகலனில் வெப்பம் எப்படிக் கடத்தப்படுகிறது, கலவை எவ்வளவு வேகத்தில் சுழன்றால் செல்கள் சாகாமல் இருக்கும், ஒரு லிட்டரில் வந்தது ஆயிரம் லிட்டரில் ஏன் வரவில்லை என்று கணக்கும் இயந்திரமும் கலந்தே பாடம் நடக்கும். கிண்டியில் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில் அதற்கு ‘தொழில்சார் உயிரித் தொழில்நுட்பம்’ என்றே பெயர். அதில் ஆர்வம் இருந்தால், அரசுப் பள்ளி மாணவர்களுக்குள் மட்டும் தனித் தரவரிசை போடுவார்கள் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு, பொதுத் தேர்வுக்கு மீதமுள்ள மாதங்களில் கணக்கைப் பிடித்து உலுக்கட்டும். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும் நான்காண்டு பி.டெக். உயிரித் தொழில்நுட்பம் இருக்கிறது. அதற்குத் தனி விண்ணப்பம், தனிக் கலந்தாய்வு.

கணக்கைக் கண்டு ஒதுங்குகிறவள் என்றால் அதையும் நேராகப் பேசிவிட வேண்டும், ஏனென்றால் உயிரியலில் கணக்கு இல்லை என்பது பள்ளியோடு முடிந்துபோகிற ஒரு பிரமை. புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்க முடியும் என்று 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன் குழுவினர் வரைந்த படத்தை வைத்துத்தான் உலகம் இன்றும் புரத வடிவங்களைச் சரிபார்க்கிறது, அவர் இயற்பியல்காரர்.

கணக்கையும் உயிரியலையும் ஒரே தட்டில் வைக்கும் நுழைவுத் தேர்வு ஒன்று உண்டு. ஐசர் எனப்படும் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனங்கள் நாட்டில் ஏழு. நமக்குப் பக்கத்தில் திருவனந்தபுரமும் திருப்பதியும். நுழைவுத் தேர்வில் 60 கேள்விகள். உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் ஒவ்வொன்றிலும் 15. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பார்கள், வினாத்தாள் தமிழில் வராது, என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தைக் கரைத்துக் குடிக்க வேண்டும். கிடைத்தால் ஐந்தாண்டில் இளநிலையும் முதுநிலையும் சேர்ந்தே வந்துவிடும். கட்டணம் அரசுக் கல்லூரியைப் போலக் குறைவாக இராது. நீங்கள் எடுத்து வைத்திருக்கும் ஆறு லட்சத்துக்கு உருப்படியான வேலை இருக்குமானால் அது இங்கேதான்.

இவை எதுவும் அமையாவிட்டால் ஓர் அரசுக் கலைக் கல்லூரியில் விலங்கியலோ, தாவரவியலோ, உயிர்வேதியியலோ, நுண்ணுயிரியலோ படிக்கட்டும். பெயரில் ‘டெக்னாலஜி’ இல்லையே என்று உங்களுக்குக் குறையாக இருக்கலாம். முதுநிலையில் உயிரித் தொழில்நுட்பத்துக்கு மாற இந்தப் பட்டங்கள் எதுவும் தடையன்று. முதுநிலை அறிவியலுக்கான ஜாம் நுழைவுத் தேர்வு எழுதி மும்பை, ரூர்க்கி ஐ.ஐ.டி.களுக்கோ, உயிரித் தொழில்நுட்ப முதுநிலைக்கான கேட்-பி நுழைவுத் தேர்வு எழுதி மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை உதவித்தொகை தரும் பல்கலைக்கழகத் துறைகளுக்கோ போகலாம். ஆசிரியப் பணிக்குத் திரும்ப நினைத்தாலும் பள்ளியில் தாவரவியல் ஆசிரியர், விலங்கியல் ஆசிரியர் பணியிடங்கள் இருக்கின்றன. பயோடெக்னாலஜி ஆசிரியர் என்று ஒரு பணியிடம் இல்லை. அதற்கும் மேலே ஆய்வுக்குப் போகிறவர் தேசியத் தகுதித் தேர்வில் தேறி இளநிலை ஆய்வாளரானால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை வாங்குகிறார். வீட்டுக்குச் செலவு வைப்பதில்லை.

முன்பணம் கேட்கும் கல்லூரிக்கு வருகிறேன். கட்டாதீர்கள். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தனியார் கல்லூரிக்குச் செய்முறைத் தேர்வுக்குப் புறத் தேர்வாளராகப் போயிருந்தேன். டி.என்.ஏ.வைப் பல நகல்களாகப் பெருக்கும் பி.சி.ஆர். கருவி ஆய்வகத்தின் நடு மேசையில் இருந்தது. அதன் மேல் தடித்த பிளாஸ்டிக் உறை, உறையின் மேல் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தன. நான் போனது ஏப்ரல் மாதம். மாணவர்களின் ரெக்கார்டு நோட்டுகளைப் புரட்டினேன்: டி.என்.ஏ. பிரித்தெடுத்த ஜெல் படம் எல்லா நோட்டிலும் ஒட்டியிருந்தது, எல்லாப் படத்திலும் நான்காவது தடத்தின் ஓரத்தில் அதே கீறல் இருந்தது. எங்கிருந்தோ வந்த ஒரே படத்தை நகலெடுத்து வகுப்பு முழுவதற்கும் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளின் பெற்றோரும் உங்களைப் போலக் கடையும் வயலும் வைத்திருந்தவர்கள்தாம். உங்கள் கடைக்கு வரும் பெயிண்ட் டப்பாவைத் தூக்கிப் பார்த்து எடை குறைந்தால் திருப்பி அனுப்புவீர்கள் அல்லவா? அதேபோல, எந்தக் கல்லூரியானாலும் வேலை நாளில் மகளோடு போய் மூன்றாமாண்டு மாணவி ஒருத்தியைக் கூப்பிட்டு, துளித் திரவத்தை அளந்தெடுக்கும் மைக்ரோபிப்பெட்டைக் கடைசியாக என்றைக்குக் கையில் பிடித்தாய் என்று கேளுங்கள். அவள் யோசித்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

‘உங்க இஷ்டம்ப்பா’ என்ற பதில் அவளுக்கு விருப்பம் இல்லை என்பதைக் காட்டுவதாக நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். நீட் எழுத மாட்டேன் என்று துணிந்து சொல்லத் தெரிந்த பெண்ணுக்குத் தனக்கு என்ன வேண்டும் என்று சொல்லத் தெரியாதா? ஆறு லட்சம் யாருக்கு என்பது அந்த வீட்டில் அவளுக்குத் தெரியும்; தெரிந்த பிள்ளை வேறு என்ன சொல்வாள்? மூத்தவர்கள் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதில் எனக்கும் நம்பிக்கை உண்டு, நானும் ஐந்து பேருக்கு மூத்தவளாகப் பிறந்தவள்தான். ஆனால் விட்டுக்கொடுப்பவளுக்குத் தான் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும், அதைப் பெற்றுக்கொள்பவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் வீட்டில் இரண்டும் நடக்கவில்லை. பத்தாம் வகுப்புக் கணக்கையே இன்னும் பார்க்காத ஒரு பையனுக்காக அவளுடைய ஐந்தாண்டுகளில் இரண்டைச் சத்தமில்லாமல் வெட்டியிருக்கிறீர்கள். அவனுக்கு இன்ஜினியரிங் பிடிக்குமா என்றாவது கேட்டீர்களா? உரிய காலத்தில் அவனும் கலந்தாய்வில் நிற்கட்டும். பணம் போதாவிட்டால் கல்விக் கடன் இருக்கிறது, 7.5 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணை கேட்க மாட்டார்கள். கடன் வாங்கிப் படித்துச் சம்பாதித்து அடைப்பது ஆண்பிள்ளைக்கு இழுக்கு என்று எந்தச் சாத்திரத்திலும் எழுதவில்லை. அதேபோல, இவள் சம்பாதித்துத் தம்பியைப் படிக்கவைத்துவிடுவாள் என்ற எண்ணம் மனத்தின் ஓரத்தில் இருந்தால் அதையும் இப்போதே எடுத்துவிடுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை கடையை அரை நாள் மூடிவிட்டு, மகள், மகன், அவர்களுடைய தாயார் நால்வரும் உட்காருங்கள். சேமிப்புப் புத்தகத்தை நடுவில் வையுங்கள். மகனையும் உட்கார வையுங்கள், அவனுக்கும் இது பாடம். பி.டெக்., ஐசர், அரசுக் கல்லூரி ஆகிய மூன்றையும் எத்தனை ஆண்டு, எவ்வளவு செலவு என்று அவளையே ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். ஐசர் விண்ணப்பம் பெரும்பாலும் மார்ச் வாக்கில், அவள் பொதுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும்போது வரும். அந்த வேலையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். சாதி, வருமானச் சான்றிதழ்களை இப்போதே எடுத்து வையுங்கள்.

ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றைத் தலைமையாசிரியையிடம் கையெழுத்து வாங்க வேண்டியிருக்கும். அதற்கு அவளைத் தனியாக அனுப்பாமல் நீங்களும் கூடப் போங்கள். இந்த ஏழாண்டுகளில் அந்தப் பள்ளிக்கு எத்தனை முறை போயிருக்கிறீர்கள் என்பது உங்களுக்கே தெரியும்.