கல்யாண மண்டபத்தில் மேடைக் காட்சியை 45 மீட்டர் தள்ளியிருக்கும் டிவிகளுக்கு லேன் கேபிளில் அனுப்பலாமா?

கேட்டிருப்பவர் திருவந்திபுரம் பக்கம் மண்டபம் வைத்திருக்கிறார். மேடை அருகே வீடியோக்காரர் போடும், கேமராக்களின் படத்தை மாற்றி மாற்றித் தரும் மிக்சரிலிருந்து கீழ்த்தளத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் இரண்டு டிவி, மாப்பிள்ளை அறையில் ஒன்று. தூரம் சுமார் 45 மீட்டர். நீளமான எச்டிஎம்ஐ கேபிளே வாங்கிப் போட்டுவிடலாமா என்றும் கேட்கிறார்.

கடலூரிலும் புதுச்சேரியிலும் கேமரா, டிவி, மைக் செட் வேலை எடுத்துச் செய்கிறவன் நான். லேன் கேபிளிலேயே அனுப்புங்கள். ஆனால் இந்த வேலையில் எல்லோரும் படத்தை லேன் கேபிளில் ஏற்றி இறக்கும் பெட்டிகளில் எதை வாங்குவது என்றுதான் விசாரிக்கிறார்கள். கம்பியை எலக்ட்ரீசியன் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிறார்கள். பெட்டி கெட்டால் ஒரு மணி நேரத்தில் வேறு மாட்டலாம். பூச்சு வேலை முடிந்த சுவருக்குள் இருக்கும் கம்பியை முகூர்த்த நாளில் என்ன செய்வீர்கள்?

முதலில் எச்டிஎம்ஐ கேபிளை முடித்துவிடுகிறேன். 1080பி படம் நொடிக்கு 60 பிரேம் வீதம் போகும்போது அந்தக் கேபிளில் நொடிக்குச் சுமார் 4.46 ஜிகாபிட் ஓடுகிறது. சாதாரணச் செம்புக் கேபிளில் 10, 15 மீட்டர் தாண்டினாலே படத்தில் புள்ளிகள் மின்னும், அப்புறம் படமே போய்விடும். உள்ளே ஒளியிழை வைத்த எச்டிஎம்ஐ கேபிள் 50 மீட்டரும் அதற்கு மேலும் போகும். ஆனால் அதற்கு ஒரு முனை மிக்சருக்கு, ஒரு முனை டிவிக்கு என்று திசை உண்டு; திருப்பி இழுத்துவிட்டால் வேலை செய்யாது. அதன் தலை முக்கால் அங்குல பைப்பில் நுழைவதே பெரும்பாடு. இழுக்கும்போது எங்காவது மடிந்து ஒடிந்தால் முழுக் கேபிளும் குப்பைதான். லேன் கேபிளை வெறும் கம்பியாக இழுத்து, வேண்டிய நீளத்தில் வெட்டி, அங்கேயே முனையை மாட்டி அழுத்தி (கிரிம்ப்) செய்துகொள்ளலாம்.

லேன் கேபிளில் நான்கு ஜோடி முறுக்குக் கம்பி இருக்கிறது. எச்டிஎம்ஐயிலும் படத்துக்கு மூன்று ஜோடி, கடிகாரத் துடிப்புக்கு ஒன்று என்று நான்கு ஜோடிதான். கணக்கு சரியாக வருகிறதே என்றால், டிவியும் மிக்சரும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் சின்ன இணைப்புகளுக்கு இடம் மிஞ்சாது. அதனால்தான் மலிவான பெட்டிகள் சிலவற்றுக்கு இரண்டு லேன் கேபிள் இழுக்க வேண்டியிருக்கிறது. அவை 20, 30 மீட்டருக்கு மேல் நம்பத்தக்கவை இல்லை. உங்கள் தூரத்துக்கு அவற்றை மறந்துவிடுங்கள்.

மிச்சம் இரண்டு வழி. ஒன்று எச்டிபேஸ்டி. வேலன்ஸ், எல்ஜி, சாம்சங், சோனி பிக்சர்ஸ் சேர்ந்து 2010-ல் தொடங்கிய கூட்டமைப்பின் தொழில்நுட்பம் இது. ஒரே கேபிளில் படம், ஒலி, ரிமோட் கட்டளை எல்லாம் போகும். பல பெட்டிகளில் ரிசீவருக்கு, அதாவது டிவி முனைப் பெட்டிக்கு, வேண்டிய மின்சாரமும் அதிலேயே போய்விடும். இன்னொன்று, படத்தை எச்.264 போல ஏதாவது ஒரு முறையில் சுருக்கி, கம்ப்யூட்டர் நெட்வொர்க்கில் போகிற மாதிரி அனுப்பும் ஐபி எக்ஸ்டெண்டர். இதில் ஒரு அனுப்பும் பெட்டி, நடுவில் ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச், எத்தனை டிவி உண்டோ அத்தனை வாங்கும் பெட்டி. விலையும் குறைவு. மூன்று டிவி இருப்பதால் உங்கள் மனம் இதில்தான் போகும்.

இங்கேதான் கல்யாண மண்டபத்துக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. படத்தைச் சுருக்கி விரிக்க நேரம் பிடிக்கும். மலிவான ஐபி பெட்டிகளில் அரை நொடிகூடப் பிந்தும். எச்டிபேஸ்டியில் அந்தத் தாமதம் மைக்ரோ நொடிக் கணக்கு, கண்ணுக்கே தெரியாது. பந்தியில் உட்கார்ந்து சாம்பாருக்குக் காத்திருப்பவருக்கு அரை நொடி ஒரு பொருட்டில்லை என்று நினைப்பீர்கள். ஆனால் கெட்டிமேளம் படிக்கட்டு வழியாகக் கீழே நேராகக் கேட்கும். மேளம் உச்சத்துக்குப் போன பிறகு டிவியில் தாலி கழுத்தருகே வரும். அறிவிப்புகளுக்காகச் சாப்பாட்டுக் கூடத்திலும் ஸ்பீக்கர் வைத்திருந்தால், ஐயர் சொல்லும் மந்திரத்துக்கும் வாயசைப்புக்கும் சம்பந்தமே இருக்காது. மேடை பக்கத்திலேயே பெரிய எல்இடி திரை வைக்கும் யோசனை பின்னால் வந்தால், ஐபி பெட்டியை அங்கே கிட்டவே சேர்க்காதீர்கள். மாப்பிள்ளை அறைக் கதவு சாத்தியிருக்கும், சத்தம் வராது. அங்கே எதுவானாலும் சரி. (டிவியே தன் பங்குக்குக் கொஞ்சம் பிந்தும். அமைப்புகளில் கேம் மோட் இருந்தால் போட்டுவிடுங்கள், குறையும்.)

ஐபி பெட்டியில் இன்னொரு தொல்லை. ஒரே படத்தைப் பல டிவிக்கு அனுப்பும்போது அது ஸ்விட்சின் எல்லா முனைகளுக்கும் கொட்டும். அதைக் கட்டுப்படுத்தும் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் வசதி உள்ள ஸ்விட்ச் இல்லாமல், மண்டபத்து வைஃபை ரூட்டரோடு இதையும் சேர்த்துக் கோத்துவிட்டால், வைஃபை நொண்டும், சிசிடிவி கேமராவும் நின்று நின்று ஓடும். தனி ஸ்விட்ச் போட்டு, வேறு எதனோடும் இணைக்காமல் வைப்பது நல்லது. எச்டிபேஸ்டிக்கு நேர்மாறு: கேபிளும் முனையும் லேன் போலவே இருந்தாலும் அது நெட்வொர்க் சிக்னல் இல்லை. நடுவில் எந்த ஸ்விட்சும் வரக்கூடாது. பெட்டியிலிருந்து பெட்டிக்கு நேராக ஒரே கம்பி.

இனி கம்பி. கடையில் 'கேட் 6' (லேன் கேபிளின் ஒரு தர வகை) என்று அச்சிட்ட 305 மீட்டர் பெட்டி சந்தேகப்படும்படி மலிவாகக் கிடைத்தால் அது பெரும்பாலும் சிசிஏ, அதாவது அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு. அலுமினியத்தின் கடத்துதிறன் செம்பில் ஏறக்குறைய 60 சதவீதம்தான். அந்தக் கம்பியில் ரிசீவருக்கு மின்சாரமும் போக வேண்டுமென்றால் வோல்டேஜ் வழியிலேயே குறையும். சிக்னல் ஏற்கெனவே விளிம்பில் இருக்கும். அதற்கு மேல் இது. பிளேடால் கம்பியைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். நாலைந்து முறை மடக்கினாலே ஒடியும். நமக்கு வேறு உப்புக்காற்று. தேவனாம்பட்டினம் பக்கம் கிரிம்ப் செய்த முனைகள் பச்சை பிடித்துப் போவதைப் பார்க்கிறவர்களுக்கு, செம்பே இந்த நிலை என்றால் அலுமினியம் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. உங்களுக்கு வேண்டியது முழுச் செம்பு, ஒற்றைக் கம்பி உள்ள கேட் 6. 4கே யோசனை இருந்தால் ஷீல்டு போட்ட கேட் 6ஏ. நடுவில் ஜாயின்ட் கூடாது. கரண்ட் ஒயர் போகும் பைப்பிலேயே இதையும் திணிக்கக் கூடாது. முனையில் இரு பக்கமும் ஒரே நிற வரிசை. டிவி இருக்கும் இடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு கேபிள் என்பதோடு, உபரியாக ஒன்று இழுத்துப் போட்டுவிடுங்கள். இழுக்கும் கூலி ஒன்றுதான்.

எச்டிபேஸ்டி பெட்டியில் '70 மீட்டர்' என்று போட்டிருப்பது 1080பிக்கு. அதே பெட்டி 4கே படத்துக்கு ஏறக்குறைய 40 மீட்டரில் நின்றுவிடும். உங்கள் 45 மீட்டர் சரியாக அந்த இடைவெளியில் மாட்டுகிறது. கல்யாண மிக்சர்கள் பெரும்பாலும் 1080 தான் தருகின்றன, அதனால் இப்போதைக்கு 70 மீட்டர் வகை போதும்.

படமே வராமல் போனால் எல்லோரும் கேபிளைத்தான் திட்டுவார்கள். முதலில் டிவியைப் பாருங்கள். ஒவ்வொரு டிவியும் தன்னால் எந்த அளவுப் படம் காட்ட முடியும் என்ற குறிப்பை எச்டிஎம்ஐ வழியே திருப்பிச் சொல்லும். இதைத்தான் இடிஐடி என்கிறார்கள். ஒரு படத்தைப் பல டிவிக்குப் பிரிக்கும் ஸ்பிளிட்டரில் மூன்று டிவி மாட்டி, அதில் ஒன்று பழைய 720பி டிவியாக இருந்தால், மூன்றுமே அந்த அளவுக்கு இறங்கலாம், அல்லது அது மட்டும் கறுப்பாகக் கிடக்கும். இடிஐடியை நாமே 1080பி என்று பூட்டி வைக்கும் வசதியுள்ள ஸ்பிளிட்டர் வாங்குங்கள். நம் ஊர் வீடியோக்காரர்கள் 50 ஹெர்ட்சில் எடுப்பார்கள். டிவிக்குப் பதில் கம்ப்யூட்டர் மானிட்டரை மாட்டிச் செலவைக் குறைக்கப் பார்த்தால், சில மானிட்டர்கள் அதை ஏற்காது. மிக்சரில் காப்புப் பூட்டு எதுவும் இருக்காது, ஆனால் செட்டாப் பாக்சில் எச்டிசிபி என்ற அந்தப் பூட்டு உண்டு. கல்யாணம் இல்லாத நாளில் கிரிக்கெட் போடலாம் என்றால் எச்டிசிபியை ஆதரிக்கும் பெட்டியா என்று கேட்டு வாங்குங்கள்.

வீடியோக்காரர் மிக்சரில் எஸ்டிஐ (டிஷ் கேபிள் போன்ற கேபிளில் படம் அனுப்பும் முறை) அவுட்புட் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். இருந்தால், சுவருக்குள் ஏற்கெனவே கிடக்கும் நல்ல ஆர்ஜி6 டிஷ் கேபிளிலேயே 45 மீட்டர் தாராளமாகப் போகும், டிவி முனையில் ஒரு கன்வெர்ட்டர் போதும். ஆனால் மண்டபத்துக்கு ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் வேறு வேறு வீடியோக்காரர் வருவார். எல்லோரிடமும் எச்டிஎம்ஐ இருக்கும், எஸ்டிஐ இருக்காது.

சாப்பாட்டுக் கூடம் தனிக் கட்டடமாக இருந்தால் நான் சொன்னது மாறும். இரண்டு கட்டடத்துக்கு நடுவே செம்புக் கம்பியைத் தொங்கவிடாதீர்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்ததைப் பார்த்தவர்களுக்கு, நம் ஊரில் தலைக்கு மேல் தொங்குவதன் கதி தெரியும். அது போகட்டும், ஐப்பசி கார்த்திகை இடி ஒன்றே போதும், இரு முனைப் பெட்டியையும் டிவியோடு சேர்த்துக் கொண்டுபோக. அந்த இடைவெளிக்கு மட்டும் ஃபைபர் போடுங்கள், அதில் மின்சாரம் கடக்காது.

உங்கள் மண்டபத்துக்கு நான் போடுவது: மிக்சர் இடத்தில் சுவரில் ஒரு எச்டிஎம்ஐ பிளேட், அதன் பின்னால் ஸ்பிளிட்டர், சாப்பாட்டுக் கூடத்துக்கும் மாப்பிள்ளை அறைக்கும் தனித்தனி எச்டிபேஸ்டி ஜோடி, கூடத்தில் ரிசீவருக்குப் பக்கத்தில் இரண்டு டிவிக்கும் பிரிக்கும் சின்ன ஸ்பிளிட்டர். இந்தப் பெட்டிகள் எல்லாவற்றுக்கும் ஒரு சிறிய யுபிஎஸ். ஜெனரேட்டர் மாறும் அந்தச் சில நொடியில் கரண்ட் போய் வந்தால், பெட்டிகள் திரும்ப எழுந்து டிவியோடு கைகோக்க நேரமெடுக்கும். அது பெரும்பாலும் முகூர்த்த நேரமாகத்தான் இருக்கும்.