தேதியா, ஃபீச்சரா?

கேள்வி: எங்க ஓப்பன் சோர்ஸ் (கோட யாரும் பாத்து மாத்தலாம்) சாஃப்ட்வேர் ப்ராஜெக்ட்ல எல்லா ஃபீச்சரும் முடிஞ்சாதான் ரிலீஸ்னு உக்காந்திருக்கோம், ஒரு வருஷமா ஒண்ணும் வெளிய போகல. தேதி வெச்சு விடலாமா?

பதில்: தாராளமா. சம்பளம் இல்லாம கோடு எழுதுறவங்ககிட்ட இத இந்த நாளுக்குள்ள முடின்னு அதட்ட முடியாது, ஆனா இந்த தேதிக்கு வண்டி கிளம்பும், ரெடின்னா ஏறு, இல்லன்னா அடுத்த வண்டின்னு சொல்லலாம். லினக்ஸ் கெர்னல்ல (லினக்ஸ் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தோட மையப் பகுதி) புது கோடு சேக்க ரெண்டு வாரம் மெர்ஜ் விண்டோ, அது மூடினப்புறம் வாராவாரம் ஆர்சி (ரிலீஸுக்கு முந்தின சோதனை வெர்ஷன்) விட்டு பக் ஃபிக்ஸ்தான், 9, 10 வாரத்துல ஒரு வெர்ஷன் வந்துரும். லினக்ஸ் வெச்சு செஞ்ச ஆப்பரேட்டிங் சிஸ்டமான உபுண்டு 2004லேர்ந்து ஆறு மாசத்துக்கு ஒரு வெர்ஷன் (2006ல ஏப்ரல்ல வரவேண்டியது ஜூனுக்கு தள்ளிப்போச்சு, குடி ஒண்ணும் முழுகிடல). இன்னொரு லினக்ஸ் சிஸ்டமான டெபியன் மாதிரி ரெடியானாதான் விடுவேன்னும் இருக்கலாம், அதுக்கு பொறுமையான யூசருங்க வேணும். நீங்க முதல்ல ஃப்ரீஸ் தேதிய (புதுசா எதையும் சேக்கறத நிறுத்துற நாள்) முடிவு பண்ணுங்க, அதுக்கப்புறம் சின்ன பேட்ச்தான் (கோடு மாத்தம்)னு யார் வந்து நின்னாலும் அடுத்த ரிலீஸுக்கு தள்ளிடுங்க.