தோள்ல கை வச்சா உயிர் போகுது, திரும்ப போகலாமா?

போன இதழ்ல மூட்டு வலி பத்தி எழுதினப்போ கடைசியில, கை வச்சு பண்ற பிசியோ ட்ரீட்மென்ட் பத்தி சந்தேகம் இருந்தா அனுப்புங்கன்னு ஒரு வரி போட்டிருந்தேன். அதுக்கு இவ்வளவு கேள்வி வரும்னு எதிர்பார்க்கல. பாதிக்கு மேல "வலிக்க வலிக்க அழுத்தறாங்க, இது சரியா"ங்கற கேள்விதான். படிக்கும்போதே கஷ்டமா இருந்துச்சு, அதனால அதுலேர்ந்தே ஆரம்பிக்கறேன்.

எனக்கு 52 வயசு, பத்து வருஷமா ஷுகர் இருக்கு. ஆறு மாசமா வலது தோள் வலி. தலை வார முடியல, புடவை கட்டும்போது முந்தானையை முதுகுப் பக்கம் சுத்தி எடுக்க முடியல, அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தா தூக்கமே போயிடுது. ஒரு சென்டர்ல கையைப் பிடிச்சு மேல தூக்கி அழுத்தினாங்க, கத்திட்டேன். "வலிச்சாதான்மா சரியாகும்"னு சொன்னாங்க. ரெண்டு நாள் கையை அசைக்கவே முடியல. திரும்ப போகலாமா?
— வாசகி, விருதுநகர்

அம்மா, அந்த மாதிரி அழுத்தறதுக்கு திரும்ப போகாதீங்க. நீங்க சொல்றதை வச்சுப் பார்த்தா ஃப்ரோசன் ஷோல்டர் மாதிரி இருக்கு, ஷுகர் உள்ளவங்களுக்கு இது மத்தவங்களை விட ரொம்ப அதிகமா வரும். தோள் மூட்டை சுத்தி ஒரு பை மாதிரி சவ்வு இருக்கு, கேப்ஸ்யூல்னு சொல்வோம், அது புண்ணாகி தடிச்சு சுருங்கிடும். முதல்ல வலி ஜாஸ்தியா இருக்கற கட்டம், ராத்திரி தூங்க விடாது. அப்புறம் வலி குறையும் ஆனா கை இறுகிப் போய் நிக்கும். அதுக்கப்புறம்தான் மெல்ல மெல்ல விட ஆரம்பிக்கும். எல்லாம் சேர்த்து ஒரு வருஷம் ஆகலாம், மூணு வருஷம் கூட ஆகலாம், இதை முதல் நாளே சொல்லிடணும், பத்து சிட்டிங்ல கையைத் தூக்க வச்சுடறேன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

நீங்க இன்னும் அந்த முதல் கட்டத்துலதான் இருக்கீங்க போல, இப்போ போய் முரட்டுத்தனமா இழுத்தா எரியற நெருப்புல எண்ணெய் ஊத்தின மாதிரிதான். ஆஸ்திரேலியாவுல ஜெஃப்ரி மெயிட்லண்ட்னு ஒரு பிசியோ இருந்தார், மூட்டைக் கையால அசைக்கறதை அவர் கிரேடு போட்டுப் பிரிச்சு வச்சார், இன்னிக்கும் எங்க காலேஜ்ல அதைத்தான் படிக்கறாங்க. கிரேடு 1, 2 எல்லாம் வலியை அடக்கறதுக்கு, மூட்டு இறுகி நிக்கற எல்லைக்கு கிட்டவே போக மாட்டோம். 3, 4 இறுக்கத்தை விடுவிக்க, அது எல்லை வரைக்கும் போய் பண்றது. வலி கட்டத்துல இருக்கறவங்களுக்கு 4 போட்டா என்ன ஆகும்னு நீங்களே அனுபவிச்சுட்டீங்க.

நான் எப்படிப் பண்றேன்னு சொல்றேன், அடுத்த தடவை எங்க போனாலும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். மல்லாக்க படுக்க வச்சு, முழங்கைக்கு அடியில ஒரு துண்டை மடிச்சு வைப்பேன், கை அந்தரத்துல தொங்கினா தசை எல்லாம் பயந்து இறுகிக்கும். ஒரு கையால தோள்பட்டையைத் தாங்கிக்கிட்டு, இன்னொரு உள்ளங்கையை மேல்கை எலும்போட குமிழ் மேல வச்சு, பின்பக்கமா மெத்து மெத்துன்னு, தூங்கற குழந்தையோட தொட்டிலை ஆட்டற மாதிரி தள்ளுவேன், அரை நிமிஷம், அப்புறம் ஓய்வு, திரும்ப அரை நிமிஷம். கண்ணு அவங்க முகத்துலதான் இருக்கும். நெத்தி சுருங்கினாலோ, மூச்சைப் பிடிச்சுக்கிட்டாலோ, காலோட கட்டைவிரல் மடங்கினாலோ அங்கேயே நிறுத்திடுவேன், வாயைத் திறந்து வலிக்குதுன்னு சொல்ற வரைக்கும் காத்திருக்கறது தப்பு, நம்ம ஊர் அம்மாக்கள் பாதிப் பேர் கடைசி வரைக்கும் சொல்லவே மாட்டாங்க.

முதல்ல ஒரு எலும்பு டாக்டரைப் பார்த்து எக்ஸ்-ரே எடுத்துக்கோங்க, வேற எதுவும் இல்லைன்னு உறுதி பண்ணிக்கணும். இந்தக் கட்டத்துல மூட்டுக்குள்ள போடற ஸ்டீராய்டு ஊசி சில வாரத்துக்கு வலியை நல்லாவே குறைக்கும், ஆனா அதுக்கப்புறம் கொஞ்ச நாள் ஷுகர் ஏறும், அதனால ஷுகர் டாக்டர் கிட்ட சொல்லாம போட்டுக்காதீங்க. வீட்டுல, சாப்பாட்டு மேஜை மேல ஒரு துணியைப் போட்டு கையை அது மேல வச்சு, மேஜை துடைக்கற மாதிரி முன்னாடி தள்ளி பின்னாடி இழுங்க, நாளைக்கு மூணு வேளை, அஞ்சு அஞ்சு நிமிஷம். செஞ்சு முடிச்ச அரை மணி நேரத்துல வலி பழைய நிலைக்கு வந்துட்டா சரியான அளவுல செய்யறீங்கன்னு அர்த்தம். ராத்திரி வலி கூடினா பாதியா குறைச்சுக்கோங்க.

ஐடி வேலை, 26 வயசு, கழுத்து எப்பவும் கட்டிக்கிட்டே இருக்கு. முடி வெட்டப் போகும்போது சலூன் அண்ணன் தலையைப் பிடிச்சு ரெண்டு பக்கமும் திருப்பி சொடக்கு எடுத்து விடுவார், சூப்பரா இருக்கும். இன்ஸ்டாவுல பார்க்கற அந்த கிராக்கிங் ட்ரீட்மென்ட்டும் இதேதானே?
— வாசகர், சென்னை

தம்பி, சலூன்ல கழுத்தைத் திருப்பறதை இன்னியோட விட்டுடு, கெஞ்சிக் கேட்டுக்கறேன். கழுத்தெலும்புல இருக்கற ஓட்டைகள் வழியா மூளைக்கு ரெண்டு ரத்தக்குழாய் மேல போகுது, திடீர்னு கழுத்தைத் திருகும்போது அதோட உள்சுவர் கிழிஞ்சு ஸ்ட்ரோக் வந்தவங்க இருக்காங்க, உன் வயசுக்காரங்களுக்கும் வந்திருக்கு. அரிதுதான். ஆனா ஒரு சொடக்கு சுகத்துக்கு அந்த ரிஸ்க் எதுக்கு?

அந்த டொக்கு சத்தம் எலும்பு எடத்துல போய் உட்கார்ற சத்தம் இல்ல. மூட்டுக்குள்ள இருக்கற திரவத்துல அழுத்தம் திடீர்னு குறைஞ்சு வாயுக் குமிழி உண்டாகற சத்தம், விரல்ல சொடக்கு விடறப்போ வர்ற அதே விஷயம். உடனே லேசா இருக்கற மாதிரி தோணறது நரம்பு மண்டலம் கொஞ்ச நேரத்துக்கு இறுக்கத்தை விடறதால, அதனாலதான் திரும்பத் திரும்ப கேட்குது. முறையா படிச்ச பிசியோ கழுத்துல அந்த மாதிரி வேகமா பண்றதுக்கு முன்னாடி பிரஷர் பார்ப்பாங்க, தலைச்சுத்தல், பார்வை ரெண்டா தெரியறது, புதுசா வந்த தலைவலி இதெல்லாம் இருக்கான்னு கேட்பாங்க, பெரும்பாலும் அது இல்லாமலே மெதுவான அசைவுல வேலையை முடிச்சுடுவாங்க. உன்கிட்ட ஒண்ணுமே கேட்காம கழுத்துல கை வைக்கறவங்க யாரா இருந்தாலும் எழுந்து வந்துடு.

திருப்பூர்ல பவர் டேபிள் டெய்லர், 40 வயசு. இடுப்புலேர்ந்து இடது கெண்டைக்கால் வரைக்கும் ஒரு மாசமா இழுக்குது. எம்ஆர்ஐ-ல எல்4-எல்5 டிஸ்க் பல்ஜ்னு வந்திருக்கு. ஒருத்தர் கையாலேயே டிஸ்க்கை உள்ள தள்ளி வச்சுடுவாராம், 15 நாள் பேக்கேஜ். போகலாமா? பீஸ் ரேட் வேலை, ரொம்ப நாள் லீவு போட முடியாது.
— வாசகர், திருப்பூர்

அண்ணே, உங்க கவலை புரியுது, நாள் கணக்கு போட்டு வேலை பார்க்கறவங்களுக்கு இடுப்பு வலின்னா அடுப்பெரியறதே பாதிக்கும். ஆனா டிஸ்க்கை யாராலயும் கையால தள்ளி உள்ள வைக்க முடியாது. அது ரெண்டு முதுகெலும்புக்கு நடுவுல மெத்தை மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கற விஷயம், அது கொஞ்சம் வெளியே பிதுங்கறதைத்தான் பல்ஜ்னு சொல்வோம், மேல எவ்வளவோ தசை இருக்கு, விரல் அங்க போய் சேரவே சேராது. விலகின ஜன்னல் கதவைத் தள்ளி விடற மாதிரி கிடையாது அது.

அந்த ரிப்போர்ட்டைப் பார்த்து பயப்படவும் வேணாம். வலியே இல்லாத 3,110 பேரோட ஸ்கேன்களைச் சேர்த்துப் பார்த்து 2015-ல ஒரு ஆய்வு வந்துச்சு, அதுல 20 வயசுக்காரங்கள்ல 30 சதவீதம் பேருக்கும், 40 வயசுல பாதிப் பேருக்கும், 80 வயசுல 84 சதவீதம் பேருக்கும் டிஸ்க் பல்ஜ் இருந்துச்சு. வலியே இல்லாதவங்களுக்குங்க! உங்க கால் இழுக்கறது நிஜம், அதுக்கு நரம்பு உறுத்தல் காரணமா இருக்கலாம், ஆனா இந்த மாதிரி கால் வலி நிறையப் பேருக்கு ரெண்டு மூணு மாசத்துல ஆபரேஷன் இல்லாமலே குறைஞ்சுடும், பிதுங்கின பகுதி தானாவே சுருங்கறதும் உண்டு.

அப்போ கை வச்சு பண்றது எதுக்குன்னு கேட்பீங்க. 1956-ல நியூசிலாந்துல வெலிங்டன்ல ராபின் மெக்கென்சினு ஒரு பிசியோகிட்ட காலுக்கு வலி இறங்கின ஒருத்தர் பல வாரமா வந்துக்கிட்டிருந்தார், ட்ரீட்மென்ட் ஒண்ணும் பிடிக்கல. ஒரு நாள் அவரை உள்ள போய் குப்புறப் படுக்கச் சொல்லிட்டு மெக்கென்சி வர லேட் ஆயிடுச்சு. மேஜையோட தலைப்பக்கம் முன்னாடி வந்தவருக்காக உயர்த்தி வச்சிருந்தது, இவர் அது மேலேயே கவுந்து படுத்துட்டார், முதுகு நல்லா பின்னால வளைஞ்சு நிக்குது. மெக்கென்சி பதறிப் போய் எப்படி இருக்குன்னு கேட்டா, வாரக்கணக்குல இப்படி நல்லா இருந்ததே இல்லை, கால் வலி போயிடுச்சுங்கறார். அதுலேர்ந்துதான் எந்தப் பக்கம் அசைஞ்சா வலி காலை விட்டு இடுப்புப் பக்கம் ஏறுதோ அந்தப் பக்கமே திரும்பத் திரும்ப அசையற முறை வளர்ந்துச்சு. கையால நான் பண்றதும் அதுக்கு ஒரு துணைதான், இறுகின மூட்டை அசைச்சு விட்டு வலியைக் கொஞ்சம் குறைச்சா நீங்க அந்த அசைவை பயமில்லாம செய்ய முடியும். நான் கை வைக்கறது அரை மணி நேரம், மீதி நாள் பூரா உங்க உடம்பு உங்ககிட்டதானே இருக்கு.

குப்புறப் படுத்து முழங்கையை ஊணி ரெண்டு நிமிஷம் இருந்து பாருங்க. கெண்டைக்கால் வலி மேல ஏறி இடுப்புல மட்டும் நின்னா நல்ல அறிகுறி, இடுப்பு கொஞ்சம் கூடுதலா வலிச்சாலும் பரவாயில்ல. வலி இன்னும் கீழே பாதத்துக்கு இறங்கினா உடனே நிறுத்திட்டு ஒரு பிசியோவைப் பாருங்க, எல்லாருக்கும் இந்தப் பக்கமே ஒத்துக்கும்னு இல்ல. மெஷின்ல அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நில்லுங்க, பாபின் மாத்தற நேரத்தைக்கூட அதுக்கு வச்சுக்கலாம். பேக்கேஜுக்கு முன்பணம் கட்டாதீங்க. நாலஞ்சு தடவை போயும் ஒரு மாற்றமும் இல்லைன்னா, வீட்டுல செய்ய ஒண்ணுமே சொல்லித் தரலைன்னா, வேற எடம் பார்க்கலாம்.

ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கோங்க, சிறுநீர் வர்றது தெரியாம போறது, அடைச்சுக்கறது, உட்கார்ற எடமெல்லாம் மரத்துப் போறது, பாதம் தூக்க முடியாம தொங்கறது, இதுல எது வந்தாலும் விடியட்டும்னு காத்திருக்காம அன்னிக்கு ராத்திரியே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடணும். அந்த நேரத்துல யாரையும் முதுகுல கை வைக்க விடாதீங்க.

ஒன்பது வயசுப் பையன் சைக்கிள்லேர்ந்து விழுந்து முழங்கை வீங்கியிருக்கு. மாமியார் கட்டு போட்டா போதும்ங்கறாங்க. புத்தூர் கட்டு போடலாமா?
— வாசகி, வேலூர்

முதல்ல எக்ஸ்-ரே, அது எடுக்காம எந்தக் கட்டும் வேணாம். புத்தூர் கட்டுல குணமானவங்க நம்ம வீடுகள்லயே இருக்காங்க, அதை நான் மறுக்கல, ஆனா குழந்தைங்க முழங்கைக்கு மேல எலும்பு முறிஞ்சா பக்கத்துலயே கைக்குப் போற ரத்தக்குழாய் இருக்கு, அந்த வீக்கத்து மேல மூங்கில் பத்தையை வச்சு இறுக்கினா ரத்த ஓட்டம் நின்னு தசை செத்துடும். நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு சின்னப் பொண்ணை கூட்டிக்கிட்டு வந்தாங்க, இறுக்கின கட்டை நாலு நாள் கழிச்சு அவிழ்த்திருந்தாங்க, விரல் எல்லாம் பறவை நகம் மாதிரி உள்ள மடங்கிப் போயிருந்துச்சு. ரெண்டு வருஷம் வந்தாங்க, பென்சில் பிடிக்கற அளவுக்குத்தான் கொண்டு வர முடிஞ்சுது. மாவுக்கட்டு போட்டாலும் இதே எச்சரிக்கைதான்: விரல் வெளுத்தோ நீலமாவோ போனா, சில்லுன்னு இருந்தா, விரலை நீட்டிவிட்டா பையன் அலறினா, ஒரு மணி நேரம்கூட தள்ளிப் போடாதீங்க.

வர்ம சிகிச்சை பத்தி உங்க கருத்து?
— வாசகர், நாகர்கோவில்

நான் படிச்சது அது இல்ல, அதனால சரி தப்புன்னு தீர்ப்பு சொல்ல மாட்டேன். போகணும்னா சித்த மருத்துவம் முறையா படிச்சுப் பதிவு பண்ணின மருத்துவர்கிட்ட போங்க, பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி உங்களுக்குப் பக்கம்தான்.

அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து நாலு மாசம், படுக்கையிலதான் இருக்கார். இப்போ செயலிழந்த பக்கத்து தோள் ரொம்ப வலிக்குதுங்கறார். தினமும் பிசியோ வைக்க வசதியில்ல.
— பெயர் வேண்டாம், கரூர்

அவரைத் தூக்கும்போது அக்குளுக்குக் கீழ கை குடுத்துத் தூக்கறீங்களா? அப்படின்னா இன்னிக்கே மாத்திக்கோங்க. தசை செயலிழந்த தோள்ல மூட்டைப் பிடிச்சு வைக்க ஆள் இல்ல, கையைப் பிடிச்சு இழுத்தா எலும்பு கீழே இறங்கி வலி வந்துடும். இடுப்புல ஒரு அகலமான பெல்ட்டோ மடிச்ச துண்டோ கட்டி அதைப் பிடிச்சுத் தூக்குங்க. உட்கார வைக்கும்போது அந்தக் கைக்கு அடியில தலையணை வைங்க, தொங்க விடாதீங்க. சட்டை போடும்போது முடியாத கையை முதல்ல உள்ள விடுங்க, கழட்டும்போது கடைசியா எடுங்க.

செலவுக்கு, 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வந்து பிசியோ பண்றாங்க, காசு கிடையாது. உங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துல அப்பா பேரைப் பதிவு பண்ணுங்க. அவங்க வர்ற அன்னிக்கு நீங்களும் பக்கத்துலயே நின்னு, கையை எப்படிப் பிடிக்கறாங்கன்னு பார்த்துக்கிட்டு, அவங்க முன்னாடியே ஒரு தடவை நீங்க செஞ்சு காட்டுங்க, தப்பு இருந்தா அங்கேயே திருத்திடுவாங்க.