ஏற்காட்டுக் கோழிக்குக் குளிருமா?

கேள்வி: சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குக் குடிவந்து இதுதான் எங்களுக்கு முதல் மார்கழி. பத்துப் பன்னிரண்டு நாட்டுக்கோழி இருக்கிறது. குளிருக்குப் பயந்து கூண்டைச் சுற்றி இண்டு இடுக்கு விடாமல் தார்ப்பாய் கட்டிவிட்டோம். அப்படியும் இரண்டு கோழிக்கு மூக்கு ஒழுகுகிறது, காலையில் கதவைத் திறந்தால் கண் எரிகிற நெடி. மாமியார் 100 வாட் பல்பு ஒன்றைத் தொங்கவிடச் சொல்கிறார். செய்யலாமா?
– வாசகி, நாகலூர்

பதில்: பல்பு வேண்டாம். இன்றைக்கே தார்ப்பாயின் மேல்பக்கத்தை ஒரு சாண் அவிழ்த்துவிடுங்கள்.

கோழியின் உடம்புச் சூடு சுமார் 41 டிகிரி செல்சியஸ். ஏற்காடு 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் மார்கழி, தை ராத்திரிகளில் 12, 13 டிகிரிக்கு இறங்கும், சில நாள் அதற்கும் கீழே போகும், ஆனால் அதெல்லாம் நமக்குத்தான் குளிர். வளர்ந்த கோழி இறகைச் சிலுப்பிக்கொண்டு உட்கார்ந்தால் உள்ளே இருக்கிற மென்தூவியில் காற்று அடைபட்டு உடம்புச் சூடு வெளியே போகாமல் நிற்கும். கனடாவில் வாளித் தண்ணீர் உறைந்துபோகிற குளிரில்கூட ஹீட்டர் இல்லாமல் கோழி வளர்க்கிறார்கள். அங்கே கொண்டை, தாடி எல்லாம் பனியில் கருகும், நம் மலைக்கு அந்தக் கவலையும் கிடையாது.

உங்கள் கூண்டில் பிரச்சினை ஈரம். விடியற்காலையில் தார்ப்பாயின் உள்பக்கம் கை வைத்துப் பாருங்கள், சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். ராத்திரி முழுக்க அத்தனை கோழியும் விடுகிற மூச்சு, எச்சத்திலிருக்கிற தண்ணீர், எதற்குமே வெளியேற வழியில்லை. இறகு ஈரமானால் சூடு நிற்காது. கண்ணை எரிக்கிற நெடி எச்சத்திலிருந்து கிளம்பும் அமோனியா, அது மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும், அதன்மேல் சளி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அதனால் கோழி அடைகிற உயரம் வரைக்கும் தார்ப்பாய் இருக்கட்டும், நேர்காற்று மேலே அடிக்கக் கூடாது. கூரைக்குக் கீழே, கோழிகளின் தலைக்கு மேலே, சாரல் வராத பக்கமாகப் பார்த்துத் திறந்து கம்பி வலை அடியுங்கள். மரநாய், கீரி நுழையாத அளவுக்கு வலை நெருக்கமாக இருக்கட்டும். அடைகிற கட்டை இரண்டு அங்குல அகலச் சட்டமாக, தட்டையான பக்கம் மேலே இருந்தால் நல்லது, கோழி உட்காரும்போது வயிற்று இறகு விரல்களை மூடிக்கொள்ளும். இரும்புக் குழாய் வேண்டவே வேண்டாம்.

தரையில் மூன்று நான்கு அங்குலத்துக்கு உமியோ கடலைத்தோலோ போட்டு அடிக்கடி கிளறிவிட்டு, நனைந்த இடத்தை மட்டும் அள்ளிக் கொட்டுங்கள். எஸ்டேட்டில் காப்பித்தோல் சும்மா கிடைக்கிறதே என்று பூசணம் பிடித்ததை வாரிப் போட்டுவிடாதீர்கள், பூஞ்சை கோழியின் நுரையீரலுக்கே போய்விடும். சாயங்காலம் அடைவதற்கு முன் கொஞ்சம் உடைத்த மக்காச்சோளமோ கம்போ கொடுங்கள். ராத்திரி அது செரிக்கச் செரிக்க உடம்புக்குச் சூடு கிடைக்கும்.

மூக்கு ஒழுகுகிற இரண்டையும் தனியாகப் பிரித்து வைத்து, முகம் வீங்கினாலோ மூச்சில் கரகரப்பு கேட்டாலோ கால்நடை மருத்துவரிடம் தூக்கிப் போய்விடுங்கள். பல்பு விஷயத்தில் இன்னொன்று, காய்ந்த உமிக்கும் தூசிக்கும் நடுவே சுடுகிற பல்பு தொங்கினால் தீப்பிடிக்க நேரம் ஆகாது. மாமியார் சொன்னது முழுக்கத் தவறும் இல்லை, குஞ்சுக்கு அது பொருந்தும். அடுத்த கேள்வி அதுதான்.

கேள்வி: குளிர்காலத்தில் அடை வைக்கலாமா?
– வாசகர், ஏற்காடு

பதில்: நல்ல அடைக்கோழி இருந்தால் தாராளமாக வைக்கலாம், தாயின் இறக்கைக்கு ஈடு எதுவும் இல்லை. தாயில்லாத குஞ்சு என்றால் முதல் வாரம் 32 முதல் 35 டிகிரி வரை சூடு வேண்டும், அப்புறம் வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்து, ஐந்தாறு வாரத்தில் இறகு முளைத்ததும் நிறுத்திவிடலாம். தெர்மாமீட்டர் இல்லையா, குஞ்சுகளையே பாருங்கள். பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கத்தினால் குளிர், ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சலுக்கான சொட்டு மருந்தை மறக்காதீர்கள்.

கேள்வி: மார்கழி பிறந்ததும் முட்டை குறைந்துவிட்டது. இதுவும் குளிரால்தானா?
– வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: சேலம் டவுனில் கோழிக்கு ஏதுங்க குளிர்! வெளிச்சம்தான் ஒரு காரணம், டிசம்பர் கடைசியில் நம் பக்கம் பகல் சுமார் பதினொன்றரை மணி நேரம்தான். இறகு உதிர்க்கிற கோழியும் முட்டையை நிறுத்திவிடும். கூண்டில் இறகு நிறையக் கிடந்தால் அதுதான், இரண்டு மூன்று மாதம் பொறுத்துக்கொண்டு புரதமுள்ள தீவனமாகப் போடுங்கள், கருவாட்டுத் தூள் கொஞ்சம் கலந்தாலும் சரி. நாட்டுக்கோழி எப்படியும் பத்துப் பதினைந்து முட்டை வைத்துவிட்டு அடைக்கு உட்கார்ந்துவிடும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.